இரைப்பையைக் குறைத்தலும் அவாவைக் குறைத்தலும்

மக்கட்பிறவி பெறுதற்கரியது. அதனினும் அரியது அப்பிறவியைச் சிவபெருமான் திருவடிக்கு ஆளாக்குதல். அதன்பொருட்டே இறைவன் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் உயிர்கட்குக் கூட்டுவிக்கின்றான் என்பது சித்தாந்தத் துணிபு. ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு உடம்பு விடியுமளவும் உதவும் விளக்குப் போல்வது. நெய் குறைந்தாலும் விளக்கு அவியும். மிகுந்தாலும் திரி மூழ்கி அவியும். உடம்பும் அற்றேயாம்.

இந்நாளில் உடற்பருமன் என்னும் பிணி பலரைப் பற்றி, நீரிழிவு, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத்தடை, முழங்கால் தேய்வு முதலியவற்றை உடன்கொணர்கின்றது. திருக்கோயிலை வலம்வரவும், நிலமுற விழுந்து வணங்கவும், பூசையில் நெடும்பொழுது அமரவும் இயலாது வருந்தும் அடியவரும் உளர். அவருட் சிலர்க்கு மருத்துவர் இரைப்பையைக் குறைக்கும் அறுவை மருத்துவத்தை விதிக்கின்றனர். அதனை மேற்கொள்ளுதல் சைவர்க்குத் தகுமோ, தகுமாயின் உடலையும் உள்ளத்தையும் எங்ஙனம் பண்படுத்தல் வேண்டும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

இவ்வறுவை பலவகைத்து. இரைப்பையின் ஏறக்குறைய முக்காற் பங்கிற்கு மேல் வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குதல் ஒருவகை. மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்தல் மற்றொரு வகை. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு இதற்கு எல்லை வகுத்தது. எடையைக் கிலோகிராமிற் கொண்டு, மீட்டரிற் கொண்ட உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுக்க வரும் எண் 40க்குக் குறையாதவர்க்கும், கொடிய உடன்பிணி உளதாயின் 35க்குக் குறையாதவர்க்கும் இது தகும் என்றனர். 2022இல் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இதனைக் கருதலாம் என்றும் கூறப்பட்டது. எனவே இது அழகு கருதிச் செய்யும் செயலன்று. பிணி தீர்க்கும் மருத்துவமே என்க.

இனி, இதனை மறுப்பார் கூறுவது: "நோய் முன்னைவினையின் பயன். பிராரத்தம் நுகர்ந்தன்றிக் கழியாது. இறைவன் தந்த உறுப்பை வெட்டியெறிதல் அவன் ஆணையை மறுத்தலாம். திருநாவுக்கரசர் சூலைநோயைத் தீர்த்தது வாளோ? திருவதிகை வீரட்டானத்து அருளன்றோ?" என்பதாம்.

அது பொருந்தாது. பசியும் உடற்பிணியே, அதனைப் பிராரத்தமென்று கருதி எவரும் உண்ணாதிருப்பதில்லை. பசிக்குச் சோறு தேடுவோர் நோய்க்கு மருந்து தேடுதலை வினைக்கு மாறென்பது எங்ஙனம்? நோய் வினைப்பயனாயின், அது நீங்குதற்குரிய மருத்துவர் வாய்த்தலும் வினைப்பயனே. இரண்டையும் கூட்டுவோன் இறைவனே. நுகரவேண்டிய வினை எத்துணை எஞ்சியுளது என்பதை அறியும் ஆற்றல் உயிர்க்கு இன்மையின், முயலாதிருத்தல் அறிவுடைமையாகாது. கொங்குநாட்டிற் பனிச்சுரம் அடியவரை வருத்தியபோது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். வினையால் துன்பம் வருமென்று அறிந்தும் உய்யும்வழி நாடாதிருத்தல் குறையன்றோ என்பது அதன் தொடக்கத்திற் போந்த கருத்து. ஆண்டு உய்யும்வழியாகக் காட்டப்பெற்றது திருவடி வழிபாடே. எனினும் வினையைக் காரணங்காட்டிச் சோம்பியிருத்தல் கூடாதென்னும் நெறி யாண்டும் ஒக்கும். சிறுத்தொண்டநாயனாராகிய பரஞ்சோதியார் ஆயுள்வேதமும் கற்றவர் என்பதும் ஈண்டு நினைத்தற்பாலது. அரசரை ஆட்கொள்ள வந்த சூலையோ தனிப்பெருந் திருவிளையாட்டு. அப்பெருமானது அன்பின் உறைப்பு இல்லாதார் அவர் நிகழ்ச்சியைக் காட்டி மருத்துவத்தை இகழ்தல் பொருந்தாது.

பிறிதொரு சாரார், "வாயைக் கட்டமாட்டாதவன் வயிற்றை வெட்டிக்கொள்கின்றான்; நோன்பு செய்யவேண்டியதை வாள் செய்வது இழிவு" என்பர். இது பிணியின் இயல்பறியாதார் கூற்று. உணவைக் குறைத்து உடல் மெலியத் தொடங்கியவுடன், உடம்பு தன் பழைய எடையை மீட்டற்குப் பசியை மிகுவித்துச் செலவைச் சுருக்கிக்கொள்கின்றது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு 1999இல் கண்டறியப்பட்டது; அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே சுரப்பது. குடிவழியும், சில மருந்துகளும், உறக்கக்குறைவும் பருமனுக்கு ஏதுவாகும். ஆகவே பருத்தாரெல்லாம் பெருந்தீனியர் என்று கொண்டு நகையாடுதல் பிழை. திருக்கோயில் முன்றிலிலும் அந்நகைப்பு ஒலிக்கின்றது. அதனைக் கேட்டு வழிபாட்டிற்கு வருதலையே விட்டொழிந்தார் ஒருவர் உளராயின், அப்பழி யாரைச் சாரும்? நகைத்தாரையே சாரும்.

ஆயினும் இவ்விரண்டாம் தடையில் ஓர் உண்மைத்துளி உண்டு. வாள் குறைப்பது இரைப்பையை, அவாவை அன்று. பசி உடம்பின்கண் நிகழ்வது. அவா உயிர் ஆணவத்தோடு கூடி நிற்றலான் எழுவது. கருவி மாறியபின்னும் கருத்து மாறாதாயின் பயன் நிலையாது. சில ஆண்டுகளில் எடை மீண்டும் ஏறுதலும் உண்டு. ஆதலின் ஆயத்தம் இருதிறத்தும் வேண்டப்படும்.

உடலாயத்தமாவன: குருதி, இருதயம், மூச்சு, உறக்கம், இரைப்பை ஆகியவற்றை முன்னரே ஆராய்தல், இரும்பு, பி12, டி முதலிய சத்துக்கள் குறைந்திருப்பின் நிரப்புதல், புகையிலையைச் சில வாரங்கட்கு முன்பே அறவே விடுத்தல், நாளும் நடந்தும் மூச்சுப்பயிற்சி செய்தும் உடலைத் திடப்படுத்தல் என்பன. அறுவைக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் மாவும் கொழுப்பும் சுருக்கிய உணவு விதிக்கப்படும். இரைப்பையின்மேற் கவிந்துகிடக்கும் கல்லீரல் அதனாற் சுருங்கி, மருத்துவர் கருவிக்கு இடந்தரும். அவ்விரண்டு வாரமும் நோன்பென்று கொண்டு ஐந்தெழுத்தோடு கழிப்பார்க்கு அது உடற்கும் உயிர்க்கும் ஒருங்கே ஆக்கமாம்.

புலாலுண்ணாச் சைவர் மருத்துவரை முன்னரே வினவவேண்டுவன சில உள. மருந்துக் கூடுகள் பல விலங்கின் எலும்பு, தோல்களினின்று எடுக்கும் ஜெலட்டினால் ஆயவை. குருதி உறையாதிருக்க இடும் ஹெப்பாரின் பன்றியின் குடலினின்று பெறப்படுவது. மாற்று உண்டோவென்று முன்பே கேட்டல் வேண்டும், உண்டெனின் கொள்க. இன்றேல், உயிர்காக்கும் இடையூற்றில் சுவைக்காக அன்றி மருந்தாகக் கொள்வதன் குற்றம் எத்தன்மைத்து என்பதைத் தம் ஆசாரியரிடம் கேட்டுத் தெளிக. அறுவைக் கட்டிலில் கிடந்து கலங்குதலினும் இது நன்று. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாது புரதம் வேண்டப்படுதலின், பருப்பு, பால், தயிர் இவற்றால் அதனை நிரப்பும் முறையையும் முன்னரே கற்றுக்கொள்க.

உள்ளத்தாயத்தமே அரிது. துயரத்தையும் தனிமையையும் உணவால் ஆற்றிக்கொண்டார் பலர். அவ்வாறுதல் ஒருநாளிற் பறிக்கப்படுங்கால் உள்ளம் வேறொன்றைப் பற்றும். குடலை மாற்றியிணைத்தார்க்கு மது விரைந்து ஏறுதலின், சிலர் அதற்கு அடிமையாதலும் காணப்பட்டுளது. எனவேதான் உளமருத்துவரும் முன்னதாக ஆராய்கின்றனர். பற்று ஒன்றைப் பற்றியே விடப்படும் என்பது சைவர் அறியாததன்று. பற்றுதற்குரிய பொருள் யாது என்பதே வினா. உண்டு மறந்த துயரை இனி எங்கே இறக்கிவைப்பது என்று அறுவைக்கு முன்னரே ஒருவர் துணிதல் வேண்டும். திருமுறை ஓதுதல், அடியாரோடு கூடுதல், கோயிற்பணி என்பன வெறும் பொழுதுபோக்கல்ல. இடம்மாறிய அன்பு நிற்கும் நிலைகளாம்.

அச்சமும் உண்டாகும். தேர்ந்த மருத்துவரிடத்தும் ஆயிரவரில் ஓரிருவர் என்னும் அளவில் இறப்பு நேரலாம். தையலிற் கசிவும் குருதிக்கட்டும் நேரலாம். இவற்றை மறையாது கேட்டறிந்து, குடும்பத்தார்க்கும் உணர்த்தி, அதன்பின் இசைதலே முறை. அஞ்சாமை என்பது அறியாமையன்று.

பின்வரும் வாழ்வையும் முன்னரே எண்ணுக. சிறுசிறு கவளமாக நன்கு மென்று உண்ணவும், உணவோடு நீர் பருகாதிருக்கவும், சத்து மருந்துகளை வாழ்நாள் முழுதும் கொள்ளவும் வேண்டும். நீரும் அருந்தா விரதம் மருத்துவர் இசைவின்றிக் கூடாது. சர்க்கரைப்பொங்கல் சற்று மிகினும் சிலர்க்குப் படபடப்பும் மயக்கமும் தரும். நிவேதனத்தில் ஒரு பருக்கை போதும். அருள் அளவால் அளக்கப்படுவதன்று. மெலிந்தபின் தோல் தொங்குதலும் உண்டாதலின், கண்ணாடியில் அழகு காண்பதற்கென்று புகுந்தார் ஏமாறுவர். பருமனால் வந்த நாணும் மெலிவால் வரும் செருக்கும் ஆணவத்தின் இருமுகங்களே.

ஆகவே இவ்வறுவை தகுமோ எனின், வேறுவழி முயன்றும் தீராத பிணியுடையார்க்குத் தகும். அது வினைக்கு மாறன்று, அருளுக்கும் மாறன்று. ஆயினும் மருத்துவர் செய்வது பாதி. அவர் கருவியைச் செப்பஞ்செய்து தருவர். செப்பமுற்ற கருவியை எதன்பொருட்டு ஏந்துவது என்பதைத் துணிதல் உயிரின் கடன். நெய் அளவாக வார்த்த விளக்கைப் பெற்றவர், அது கொண்டு சிவபெருமான் திருவுருவைக் காண முயல்வாராக.

திருச்சிற்றம்பலம்