பொது என்பது யாருடையது?

கொல்கத்தாவையும் ஹவுராவையும் இணைக்கும் ஹவுரா பாலம் 1943-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1965-இல் ‘ரவீந்திர சேது’ என்று பெயர் பெற்றது. ஏறக்குறைய 26,500 டன் எஃகாலான அதற்கு ஆற்றின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. மேலிருந்து தொங்கும் எஃகுக் கம்பங்களே பாதையைத் தாங்குகின்றன.

2011-இல் பொறியாளர்கள் அக்கம்பங்களின் அடியைச் சோதித்தனர். அங்கே காப்பாகப் பொருத்தியிருந்த எஃகுக் கவசங்கள் அரிக்கப்பட்டிருந்தன. 6 மில்லிமீட்டர் கனமாக இருந்தவை நான்கே ஆண்டுகளில் 3 மில்லிமீட்டருக்கும் கீழாகத் தேய்ந்திருந்தன. காரணம், நடந்து செல்வோர் துப்பிய பான் எச்சில்! பின்னர் கம்பங்களின் அடியைக் கண்ணாடி இழை உறைகளால் மூட வேண்டியதாயிற்று.

இதில் குற்றவாளி யார்? ‘நான் ஒருவன் துப்புவதால் பாலம் விழுந்துவிடுமா?’ என்று ஒவ்வொருவரும் கேட்கலாம். கணக்குப்படி அவர் சொல்வது சரியே. ஒரு வாய் எச்சில் எஃகை அரிக்காது. ஆயினும் எஃகு அரிக்கப்பட்டது. விளைவை அளந்து பார்த்து, அது சிறிதாயின் குற்றமில்லை என்று கருதுவோரின் தர்க்கம் இங்கே தோற்றுப்போகிறது. செயல் சிறிதாயினும், ‘இது என்னுடையதன்று’ என்று அதன் பின்னே நிற்கும் எண்ணம் சிறிதன்று.

இத்தனைக்கும் அவர் கட்டுப்பாடு அறியாதவர் அல்லர். 1984-இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவின் படிகளில் இறங்கும்போது அவரே வாயை அடக்கிக்கொள்கிறார். அபராதத்திற்கு அஞ்சி என்பர் சிலர். அது பாதி உண்மை. சுவரில் தெய்வப் படம் பதித்த ஓடு ஒன்றைக் கண்டாலும் அவர் தயங்குகிறாரே, அங்கே அபராதம் விதிப்பவர் யார்? நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் சுவரைக் காக்க இந்த உபாயத்தைக் கையாள்கின்றனர். பலன் உண்டு, ஆனால் படம் இல்லாத சுவரில் துப்பலாம் என்பதை அது ஒப்புக்கொண்டும் விடுகிறது. தெய்வத்தைக் காவலாளாக நிறுத்துவது பக்தியில் சேருமா என்பது வேறு கேள்வி.

தமிழில் ‘பொது’ என்ற சொல் தில்லையில் இறைவன் ஆடும் அம்பலத்தையும் குறிக்கும். அனைவர்க்கும் உரிய இடமே புனிதமான இடம் என்று கண்ட மொழி இது. இன்றோ அச்சொல் ‘உரியவர் இல்லாதது’ என்பதுபோல் ஒலிக்கிறது.

வங்காளத்திலும் இதற்கு இணையான சொல் உண்டு. தெருக்களில் நடைபெறும் துர்கா பூஜையைச் ‘சர்வஜனீனம்’, அதாவது எல்லா மக்களுக்கும் உரியது என்று அழைக்கின்றனர். கொல்கத்தாவின் அந்த விழாவை 2021-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்நாட்களில் நடைபாதையே சன்னிதி ஆகிறது. பந்தலின் முன்னே துப்ப யாருக்கும் மனம் வராது. விஜயதசமி கழிந்து மூங்கில்களைப் பிரித்து எடுத்துச் சென்றதும், அது மீண்டும் வெறும் நடைபாதை.