பாவனைச் சாரதியும் பாதைச் சாரதியும்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் வரக்காப்பொல நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றால் அம்பேபுஸ்ஸ எதிர்ப்படும். குருநாகலுக்கும் திருகோணமலைக்கும் செல்லும் நெடுஞ்சாலை அங்கிருந்தே பிரிகின்றது. தேசாதிபதி எட்வேர்ட் பார்ண்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் முதலிய பொறியியலாளரின் உழைப்பினால் உருவான இத்தெருவிலே 1832 இல் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. இன்று அதே தெருவில், ஒரே வழித்தடத்தைச் சேர்ந்த இரு பஸ்கள் அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பத்துப் பயணிகளைத் தமதாக்கிக்கொள்ளும் பொருட்டு ஒன்றையொன்று முந்த முயல்வதை வரக்காப்பொலக் கடைத்தெருவில் நிற்பவர் எவரும் காணலாம்.

அக்கடைத்தெருவுக்கு அப்பால், றப்பர்த் தோட்டமொன்றை அண்டிய வீட்டிலே ஓர் இளைஞன் கணினித் திரையின் முன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவன் கையில் ஸ்ரியறிங் சில்லு உண்டு, காலின்கீழ் மிதிகள் உண்டு, வண்டிதான் இல்லை. ஜேர்மனியிலுள்ள நூர்பேர்க்றிங் என்னும் ஓட்டப் பாதையின் இருபது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளத்தை, அதன் எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளை, அவன் கண்ணை மூடிக்கொண்டே வரிசைப்படுத்திச் சொல்வான். அவனோடு போட்டியிடுவோர் பிறேசிலிலும் பின்லாந்திலும் இருக்கின்றனர். மோதிக்கொண்டால் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். வண்டி மீண்டும் புதிதாகிவிடும்.

இவ்விருவருள், அதாவது பஸ்ஸை ஓட்டுபவனும் பாவனைப் பொறியை ஓட்டுபவனும் ஆகிய இருவருள், சாரதி எனப்படுதற்கு உரியவன் யார்? ஆபத்து நீக்கப்பட்ட இடத்திற் பெறப்படும் திறன் திறனாகுமா? அங்கு செய்யப்படும் செயலுக்கு அறத்தின் முன் ஏதேனும் நிறையுண்டா? விளையாட்டுப் பொருளைப் பற்றிய வினாக்கள் போலத் தோன்றினும் இவை விளையாட்டான வினாக்கள் அல்ல.

முதலில் கருவியை நோக்குவோம். மலிவான சில்லுகளில் சிறிய மோட்டாரொன்று பற்சக்கரங்களின் மூலமாகவோ பட்டியின் மூலமாகவோ கைக்கு எதிர்விசையை அளிக்கும். அவ்விசை இரண்டு மூன்று நியூற்றன் மீற்றர் அளவினது. விலையுயர்ந்தவற்றில் சில்லு மோட்டாரின் தண்டிலேயே நேரடியாகப் பூட்டப்படுகின்றது. விசையும் பத்து, இருபது நியூற்றன் மீற்றராக உயர்கின்றது. தயர் பிடியிழக்கத் தொடங்கும் கணத்திற் சில்லு இலேசாவதை விரல்கள் உணர்கின்றன. பிறேக் மிதியின் செய்தி இன்னும் நுட்பமானது. மலிவான மிதி எவ்வளவு தூரம் அழுத்தப்பட்டது என்பதை அளக்கின்றது. நல்ல மிதியோ எவ்வளவு பலத்துடன் அழுத்தப்பட்டது என்பதை அளக்கின்றது. மனிதனின் கால் தூரத்தை எளிதில் மறந்துவிடும். பலத்தை நினைவில் வைத்திருக்கும். ஓட்டப் பந்தயக் கலையின் பெரும்பகுதி இந்நினைவிலேயே தங்கியுள்ளது. நேராகச் செல்லும்போது வன்மையாக அழுத்திய பிறேக்கை வளைவினுட் புகும்போது சிறிது சிறிதாக விடுவித்து, வண்டியின் பாரத்தை முன் தயர்களில் நிறுத்திவைத்துத் திருப்பும் வித்தையைப் பாவனைப் பொறியில் முழுமையாகக் கற்கலாம்.

கற்க முடியாதவையும் உள. உண்மை வண்டியிற் பின்புறம் வழுக்குவதைச் சாரதி முதலில் இருக்கையின் வாயிலாக, தன் இடுப்பினாலேயே அறிகின்றான். பாவனைச் சாரதிக்கு அவ்வறிவு இல்லை. கண்ணையும் கையையும் கொண்டே அதை ஈடுசெய்கின்றான். வெப்பம் இல்லை, கழுத்து வலி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அச்சம் இல்லை.

இம்முறை புதிதன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் தம் தந்தையாரின் ஓகன் வாத்தியத் தொழிற்சாலையிற் கற்ற துருத்தி நுட்பத்தைக் கொண்டு 1929 இல் விமானப் பயிற்சிப் பொறியொன்றை அமைத்தார். பலர் அதனை வேடிக்கைப் பொருளாகவே கருதினர். 1934 இல் இராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும் பணியை மேற்கொண்டு, மோசமான வானிலையிற் சில வாரங்களுக்குள்ளேயே பலர் மாண்ட பின்னரே இராணுவம் ஆறு பொறிகளை வாங்கிற்று. வேடிக்கை பயிற்சியாக மாறுவதற்கு இடையில் உயிர்கள் செல்லவேண்டியிருந்தன.

நமது மரபிலும் இவ்வினா இருந்துள்ளது. துரோணரின் மண்ணுருவத்தின் முன் வில் பயின்ற ஏகலைவன் கதையை யாவரும் அறிவர். அங்கு ஆசிரியர் பாவனை; அம்போ உண்மை. இன்றைய பொறியில் இது தலைகீழாகின்றது. பாதை லேசர்க் கதிர் கொண்டு அளக்கப்பட்டது, இயற்பியல் விதிகள் பெரும்பாலும் மெய்யானவை. ஆகவே ஆசிரியர் உண்மை, எய்யப்படும் அம்புதான் பாவனை. சைவ சித்தாந்த நூல்கள் கூறும் கருட பாவனை என்னும் உவமையும் இங்கு நினைக்கத்தக்கது. மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவித்து நிற்கும்போது பாம்பின் விடம் நீங்குகின்றது என்பர். அவன் கருடனல்லன், ஆயினும் விடம் நீங்குவது மெய். பாவனையிலிருந்து மெய்ப்பயன் விளையலாம் என்பதை ஏற்றுக்கொண்ட மரபுக்குப் பாவனைப் பொறி பெரும் வியப்பை அளிக்க வேண்டியதில்லை.

மெய்ப்பயன் விளைந்தது என்பதற்குச் சான்றும் உண்டு. நிசான் நிறுவனமும் பிளேஸ்ரேசன் நிறுவனமும் இணைந்து 2008 இல் தொடங்கிய ஜி.ரி. அக்கடமி என்னும் போட்டி, திரையின் முன் வென்றவரை உண்மைப் பந்தயத்துக்கு அனுப்பியது. அதில் 2011 இல் வென்றவர் ஜான் மார்டன்பரோ என்னும் பிரித்தானிய இளைஞர். இரண்டே ஆண்டுகளில், 2013 இல், லு மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. திறன் இடம்பெயரும் என்பது இதனால் முடிந்த முடிபாகும். கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2005 இல் போர்முலா வண் போட்டியிற் பங்குகொண்ட முதல் இந்தியரானபோது அவ்விடத்தை அடைவதற்குத் திறனோடு பெரும் பொருளும் வேண்டப்பட்டது. பொறி அந்த வாயிலைச் சற்றுத் தாழ்த்தியுள்ளது உண்மை. சற்றுத்தான்! நல்ல சில்லொன்றின் விலை தோட்டத் தொழிலாளி ஒருவரின் மாதக் கணக்கான ஊதியம் என்பதை மறந்து சமத்துவம் பேசுவது நகைப்புக்கிடமானது.

ஆயின் மார்டன்பரோவின் கதை அங்கு முடியவில்லை. 2015 மார்ச்சில் நூர்பேர்க்றிங்கில் அவரது வண்டி மேட்டொன்றில் மேலெழும்பி, வேலியைத் தாண்டிப் பார்வையாளர் பகுதியில் விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். திரையிற் பல்லாயிரம் முறை கடக்கக்கூடிய அதே பாதை அது. அங்கு அழுத்துவதற்குப் பொத்தான் இருக்கவில்லை.

இதனினும் சிந்தனைக்குரியது பின்னர் நிகழ்ந்தது. 2023 இல் அவரது வாழ்வைச் சித்திரிக்கும் திரைப்படம் வெளிவந்தபோது, 2015 இன் விபத்து 2013 இன் வெற்றிக்கு முன்னர் நிகழ்ந்ததாக மாற்றியமைக்கப்பட்டிருந்தது. நாயகன் துயருற்று, துயரை வென்று, இறுதியில் மேடையேறுகின்றான். ஒரு மனிதனின் சாவு மற்றொருவனின் வெற்றிக்குப் படிக்கல்லாக இடம் மாற்றப்பட்டது. விபத்தை ஏற்படுத்திய பாவனைச் சாரதியை விட, விபத்தையே பாவனையாக்கிய கதைஞர் அறத்திற்கு அதிகம் பதில் கூற வேண்டியவர் எனலாம். பொத்தானை அழுத்தியவர் அவரே.

இவற்றைக் கண்டு, ஆபத்தே பொறுப்பைக் கற்பிக்கும், ஆகவே ஆபத்தற்ற பொறி பொறுப்பற்ற சாரதிகளையே உருவாக்கும் என்று வாதிடுவோர் உளர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் வரக்காப்பொலத் தெரு இவ்வாதத்தை ஏற்கவில்லை. பஸ் சாரதிக்கு ஆபத்து நாள்தோறும் கண்ணெதிரே நிற்கின்றது. பின்னால் ஐம்பது உயிர்கள் அமர்ந்திருக்கின்றன. இருந்தும் அவன் வளைவில் முந்துகின்றான். பலமுறை முந்தி ஒன்றும் நேராதபோது, ஆபத்து அவனுக்குக் கற்பிப்பது எச்சரிக்கையை அன்று, துணிவையே. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயத்தில் வண்டியொன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்தினுட் பாய்ந்து ஏழு பேரின் உயிரைக் குடித்தது. அவர்களுள் ஒரு சிறுமியும் அடங்குவாள். பாதையோரத்தில் நெருங்கி நின்றவர்கள் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். நல்லொழுக்கம் பழக்கத்தினால் வருவது என்றார் அரிஸ்டோட்டில். தீய பழக்கமும் அவ்வழியாகவே வருகின்றது என்பதையும் அவரே கூறினார். எதைப் பழகுகின்றோம் என்பதே வினா. எவ்வளவு ஆபத்தின் நடுவே பழகுகின்றோம் என்பதன்று.

இக்கோணத்திலிருந்து நோக்குமிடத்து ஐறேசிங் என்னும் பாவனைத் தளம் கையாளும் முறையொன்று ஆராயத்தக்கது. 2008 முதல் இயங்கும் இத்தளத்திற் பாதையை விட்டு விலகினால் ஒரு புள்ளியும், கட்டுப்பாட்டை இழந்தால் இரண்டும், மற்றொரு வண்டியுடன் பலமாக மோதினால் நான்கும் குற்றப் புள்ளிகளாகச் சேர்கின்றன. இவை மிகுந்தால் சாரதியின் அனுமதிப்பத்திரத் தரம் இறங்கும். வியப்பு யாதெனில், மோதலுக்குக் காரணமானவர் யார் என்று கணினி விசாரிப்பதில்லை. மோதியவனுக்கும் மோதப்பட்டவனுக்கும் ஒரே தண்டனை. இது அநீதி என்று புதியவர்கள் கொதிக்கின்றனர். நீதிமன்றத்தின் அளவுகோல் கொண்டு பார்த்தால் அநீதியே. எனினும் இம்முறையின் கீழ்ச் சில மாதங்கள் ஓட்டியவன், தன் தவறை மட்டுமன்றிப் பிறர் செய்யக்கூடிய தவறையும் முன்கூட்டியே எதிர்பார்க்கப் பழகுகின்றான். முன்னால் தடுமாறும் வண்டியைக் கண்டதும், உரிமை தனதாயிருந்தும், வேகத்தைக் குறைக்கின்றான். “பிழை என்னுடையதன்று” என்ற சமாதானம் நம் பெருந்தெருக்களில் எத்தனை பேரைக் காப்பாற்றியுள்ளது? நியாயம் தன் பக்கம் இருக்க மாண்டவர்கள் பலர்.

எஞ்சி நிற்பது ஒரு வினா. தண்டனையும் இல்லாது, காண்பாரும் இல்லாதவிடத்துப் பாவனைச் செயலுக்கு அறம் உண்டா? 2020 மே மாதம், கொள்ளைநோயினால் மைதானங்கள் மூடப்பட்டிருந்த வேளை, போர்முலா ஈ சாரதிகள் வீட்டிலிருந்து திரைவழிப் போட்டியில் ஈடுபட்டனர். டேனியல் அப்ட் என்னும் ஜேர்மன் சாரதி தமக்குப் பதிலாகப் பாவனை ஓட்டத்தில் வல்ல வேறொருவரைத் தமது பெயரில் ஓட்டவைத்தார். உண்மை வெளிப்பட்டதும் அப்போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். பத்தாயிரம் யூரோவை அறக்கொடையாகச் செலுத்துமாறு பணிக்கப்பட்டார். அவுடி அணியில் தமது மெய்யான இடத்தையும் இழந்தார். வேடிக்கையாகவே செய்ததாக அவர் விளக்கமளித்தார். தண்டனை மிகையானது என்று பலர் கூறினர். அது மிகையாகவும் இருக்கலாம். ஆனால் “விளையாட்டுத்தானே” என்ற வாதம் நிலைக்காது. வண்டி பொய், பாதை பொய், வேகம் பொய்; அவருடன் போட்டியிட்டவர்களும் அவர்கள் வைத்த நம்பிக்கையும் பொய்யல்ல. திரையில் எல்லாம் பாவனையாகும்போதும் பாவனையாகாமல் எஞ்சுபவன் மறுமுனையில் இருக்கும் மனிதன்.

மீண்டும் அவ்விளைஞனிடம் வருவோம். நள்ளிரவு, கடைசிச் சுற்று. வளைவொன்றிற் பிறேக்கைச் சற்றுத் தாமதித்து அழுத்தியதனால் முன்னால் சென்றவனின் வண்டியில் இடித்து அவனைச் சுழற்றிவிடுகின்றான். அவன் முகத்தை இவன் என்றும் காணப்போவதில்லை. புள்ளிகள் இருவருக்கும் ஏற்கெனவே விழுந்துவிட்டன. காத்திருந்தால் அவை அழியமாட்டா. அவ்வாறிருந்தும் பாதையோரமாக வேகத்தைக் குறைத்து, சுழன்றவன் நிமிர்ந்து தன்னைக் கடந்து செல்லும்வரை காத்திருப்போர் சிலர் உளர். அதனால் அவர்கள் இழப்பது ஓர் இடம், அல்லது இரண்டு. நேரத்திற் பத்து விநாடி.