எவ்வளவு கொடுப்பது?

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கில் சாந்தியாகோ தே கோம்போஸ்தேலா என்ற நகரம் உள்ளது. இயேசுநாதரின் சீடரான யாக்கோபு அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பதாக நம்பி, 9-ஆம் நூற்றாண்டிலிருந்து யாத்திரிகர்கள் அந்நகரை நாடிச் செல்கின்றனர். பிரான்ஸ் எல்லையிலிருந்து தொடங்கும் பாதை ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளமுடையது. 2024-இல் யாத்திரை நிறைவுச் சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

வழியெங்கும் யாத்திரிகர் விடுதிகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் கட்டணம் உண்டு. சிலவற்றில் கட்டணம் இல்லை. நன்கொடைப் பெட்டி மட்டுமே இருக்கும். இவற்றை 'தொனத்திவோ' என்பர். கிரஞோன் என்ற சிற்றூரில் ஆலயத்தை ஒட்டியுள்ள விடுதி இவற்றுள் புகழ்பெற்றது. அங்கே யாத்திரிகர்கள் தரையில் விரித்த மெத்தைகளில் உறங்குகின்றனர்; ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். இயன்றதை இடலாம், தேவையானதை எடுத்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்புடன் பெட்டி திறந்தே வைக்கப்பட்டுள்ளது. தொண்டர்கள் ஊதியமின்றிப் பணிபுரிகின்றனர்.

இத்தகைய விடுதியிலிருந்து காலையில் புறப்படும் யாத்திரிகரின் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: எவ்வளவு கொடுப்பது?

ஒரு தொகையை நிர்ணயித்துவிட்டால் இந்தச் சங்கடம் இராதே என்று தோன்றலாம். உண்மைதான். ஆனால் அப்போது, இல்லாதவர் வாசலில் நின்று தமது இல்லாமையை வாய்திறந்து சொல்ல வேண்டிவரும். யார் எவ்வளவு இட்டார் என்று எவரும் கணக்குப் பார்க்காத பெட்டி, அவரை அந்த அவமானத்திலிருந்து காக்கிறது. அதே வேளையில், ஏழையின் மானத்தைக் காக்கும் அந்தத் திரை, வசதியுள்ளவரின் கஞ்சத்தனத்தையும் மறைத்துவிடுகிறது. முன்னதன் பொருட்டுப் பின்னதை விடுதி பொறுத்துக்கொள்கிறது. எனவே அங்கே காவலாக நிற்பது கொடுப்பவரின் மனசாட்சி ஒன்றே.

'நன்கொடை என்றால் இலவசம்தானே' என்று சிலர் கருதுகின்றனர். வெந்நீருக்கும் மின்சாரத்திற்கும் ரொட்டிக்கும் யாரோ ஒருவர் பணம் தந்தே ஆக வேண்டும். நேற்றுத் தங்கியவர்கள் இட்டதிலிருந்தே இன்றைய உணவு தயாராகிறது. இன்று நாம் இடுவது நாளை வருபவருக்கு. ஆகவே நாம் அளிப்பது விலையும் அன்று, பிச்சையும் அன்று. முன்பின் அறியாத ஒருவரின் விருந்தினராக உள்ளே நுழைந்தோம். முன்பின் அறியாத மற்றொருவருக்கு விருந்தளிப்பவராக வெளியேறுகிறோம்.

அப்படியானால் அளவுகோல் எது? ஈகையைத் தொகையால் அளக்கலாகாது, கொடுப்பவரின் வசதியைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளை இட்ட ஏழை விதவையே எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவள் என்று இயேசுநாதர் கூறியதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். 'தொகை முக்கியமல்ல, மனமே முக்கியம்' என்று சொல்லி, ஒரு நாணயத்துடன் நழுவுவதற்கு வசதி படைத்தவர்கள் இதைச் சான்று காட்டுவதுண்டு. இது தலைகீழான விளக்கம். அந்த நிகழ்ச்சி ஏழையின் சுமையைக் குறைக்கிறது. செல்வரின் கடமையையோ உயர்த்துகிறது.

நடைமுறையில் இதை எளிதாகவே தீர்மானிக்கலாம். வசதியுள்ளவர், கட்டண விடுதியில் ஒரு படுக்கைக்கும் ஓர் உணவுக்கும் என்ன செலவழித்திருப்பாரோ, அதை முதலில் ஒதுக்க வேண்டும். இது ஈகை அன்று, வெறும் நியாயம். கொடுக்க இயலாத இன்னொருவருக்காக அதற்குமேல் எதைச் சேர்க்கிறாரோ, அங்கேதான் ஈகை தொடங்குகிறது. பிறர் வியக்க வேண்டும் என்பதற்காகவோ, தனிக் கவனிப்பைப் பெறுவதற்காகவோ மிகுதியாக இடுவதும் வணிகமே.

உண்மையிலேயே இல்லாதவர் பாத்திரம் துலக்கலாம், தரையைப் பெருக்கலாம். அதற்கும் உடலில் வலுவில்லையெனில் நன்றியுடன் விடைபெறலாம். அவர் நாணத் தேவையில்லை. அந்தக் கதவு திறந்திருப்பதே அவருக்காகத்தான். அது மூடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கொடுக்க முடிந்த ஒவ்வொருவரையும் சேர்ந்தது.