பிறர் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்லும் படிப்பு



இங்கு ஒன்ராறியோவில் ஆசிரியராகக் கடமையாற்றும் நம்மவர் சிலர், பகல் முழுவதும் வகுப்பெடுத்து, இரவில் பிள்ளைகளை நித்திரையாக்கியபின் மீண்டும் மாணவராகப் புத்தகத்தின் முன் உட்காருகின்றனர். அதிபராவதற்கான படிப்பு. “நல்ல உத்தியோகம் இருக்கிறதுதானே, பிறகேன் இன்னொரு பட்டம்?” என்று வீட்டாரே கேட்பதுண்டு. பணம், நேரம் பற்றிய கேள்வியாகவே அது கேட்கப்படுகிறது. ஆனால் அதற்குள் ஓர் அறக்கேள்வியும் இருக்கிறது. பிறர் பெற்ற பிள்ளைகள்மீது அதிகாரம் செலுத்தும் தகுதியை ஒரு படிப்பு தந்துவிடுமா?

சட்டம் ஓரளவுக்குப் பதில் சொல்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு கற்பித்த அனுபவம் வேண்டும். முதுமாணிப் பட்டமோ, அதற்கு ஈடாகக் கொள்ளப்படும் சிறப்புத் தகைமைகளோ வேண்டும். அதன்மேல் அதிபர் தகைமைக்கான இரு பகுதிப் பயிற்சியும் உண்டு. இவற்றையெல்லாம் முடித்துப் பதவிக்கு வருபவர் ஒன்றை இழக்கவும் வேண்டும். 1998 முதல் இம்மாகாணத்தில் அதிபர்களும் உப அதிபர்களும் ஆசிரியர் சங்கங்களில் அங்கத்தவராக இருக்க முடியாது. நேற்றுவரை ஒரே மேசையில் தேநீர் அருந்திய சக ஆசிரியர்கள், இன்று அவர் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றுவார்கள். சம்பளம் கூடுகிறது என்று மகிழும் வீட்டார் இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அதிபரின் கடமைகளுள் மிகப் பாரமானது எது என்று கேட்டால், ஒரு பிள்ளையை இடைநிறுத்துவது என்போம். ஒன்று முதல் 20 பாடசாலை நாட்கள் வரை ஒரு மாணவனை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அதிபரிடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வந்த பாதுகாப்பான பாடசாலைகள் சட்டம், இத்தகைய முடிவுகளை மனிதரின் கையிலிருந்து எடுத்து விதியின் கையில் கொடுக்க முனைந்தது. இன்ன குற்றத்துக்கு இடைநிறுத்தம் கட்டாயம் என்று பட்டியலிட்டது, விலக்குகள் சிலவே. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அதுதானே நீதி என்று அப்போது பலருக்குத் தோன்றியது. ஆனால் வெள்ளையர் அல்லாத பிள்ளைகளும் மாற்றுத் திறனுள்ள பிள்ளைகளுமே இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர் என்று மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழு 2005இல் முறைப்பாடு செய்தது. 2007இல் சட்டம் திருத்தப்பட்டு, 2008 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலிலுள்ள குற்றங்கள் பலவற்றில் “கட்டாயம்” போய், அதிபர் “ஆலோசிக்க வேண்டும்” என்றாயிற்று. பிள்ளைக்குத் தன் நடத்தையை அடக்கும் ஆற்றல் இருந்ததா? அதன் விளைவை அவன் உணரக்கூடியவனா? அவனது வயதென்ன? இனத்தைச் சொல்லி யாரேனும் அவனைச் சீண்டினார்களா? இவற்றையெல்லாம் அவர் நிறுத்துப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

விதியால் தீராததை மனிதர்தான் தீர்க்க வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. அப்படியாயின் அந்த மனிதரை ஆயத்தப்படுத்துவது எப்படி?

இவ்வழக்கு கல்வித்துறைக்குள்ளேயே நடந்திருக்கிறது. பாடசாலை நிர்வாகத்தை ஒரு விஞ்ஞானமாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை 1950கள் முதல் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓங்கி நின்றது. ரொறன்ரோவிலுள்ள ஒன்ராறியோ கல்வி ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த தோமஸ் கிறீன்ஃபீல்ட், 1974இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் நடந்த மாநாட்டில் அதை மறுத்துப் பேசினார். பாடசாலை என்பது மனிதரின் விருப்பங்களாலும் மதிப்பீடுகளாலும் ஆனது. ஆகவே அதை நடத்துவது அறம் சார்ந்த காரியம் என்பதே அவர் வாதத்தின் சாரம். பெரிய சர்ச்சை எழுந்தது.

அறத்தைப் பட்டப்படிப்பில் கற்பிக்க முடியுமா என்று சிரிப்பவர் உண்டு. (நம்மூரில் படித்த கொடுங்கோலர்களையும் படியாத பெரியோரையும் கண்டவர்கள் நாம், அந்தச் சிரிப்பு நமக்குப் புரியும்.) ஆனாலும் ஒன்று சொல்வோம். வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டால் ஆசிரியரின் முடிவுக்கு மறுப்பில்லை. முதுமாணி வகுப்பிலோ, அதே சம்பவத்தில் வேறு முடிவெடுத்திருக்கக்கூடிய பத்துப் பேர் எதிரே இருக்கின்றனர். ஏன் அப்படிச் செய்வீர் என்று கேட்கின்றனர். காரணத்தை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. தன் தீர்ப்பைப் பிறர் முன் வைத்துப் பழகாத ஒருவரிடம் 500 பிள்ளைகளை ஒப்படைக்க நமக்கு மனம் வராது.

இனி நம் வீட்டு விடயத்துக்கு வருவோம். தமிழர் ஒருவர் அதிபராகிவிட்டால், “எங்கட ஆள்தானே” என்று தொலைபேசியை எடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. போர்ச் சூழலில் வளர்ந்த பிள்ளை ஓர் அதட்டலுக்கே ஏன் நடுங்குகிறான், ஏன் கை ஓங்குகிறான் என்பது தமிழ் அதிபருக்குச் சொல்லாமலே விளங்கலாம். அதை எண்ணிப் பார்ப்பது பட்சபாதம் அன்று. எந்த அதிபரும் அறிய முயல வேண்டியதே. மற்றவர்கள் படித்தும் கேட்டும் அறிவதை இவர் வாழ்ந்து அறிந்திருக்கிறார். ஆனால் இன்னாரின் மகன் என்பதற்காக முடிவை மாற்றினால், அதே நாளில் அதே தவறைச் செய்த சோமாலியப் பிள்ளைக்கு அவர் என்ன பதில் சொல்வார்? வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கண்ணோட்டத்துக்கு இன்னோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்திருப்பது எவ்வளவு அரிது என்பதைப் பதவியில் இருப்பவர்களே அறிவர். நமது தொலைபேசி அழைப்பு அவருக்கு அதை இன்னும் அரிதாக்குகிறது.

பெற்றோருக்கு முறையான வழி ஒன்று உண்டு. அதிபர்களை எந்த அளவுகோலால் தெரிவு செய்வது என்பது பற்றிக் கல்விச் சபை, பாடசாலை ஆலோசனை சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி. எத்தகைய படிப்பும் எத்தகைய குணமும் உள்ளவர் வேண்டும் என்று அங்கே சொல்லலாம். தமிழிலேயே யோசித்து, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாற் போதும். அச்சபைக்கான தேர்தல் ஆண்டுதோறும் பாடசாலை தொடங்கிச் சில வாரங்களுக்குள் நடைபெறும். அறிவித்தல் வந்ததும் நாளைக் குறித்து வையுங்கள்.