பழைய ஓவியமும் அதன் நிழற்படமும்

பழைய ஓவியமொன்றனை உள்ளவாறே நிழற்படமாக்கினார்க்கு அப்படத்தின்கண் ஆக்கியோனுரிமை உண்டோ இன்றோ வென்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஓவியன் இறந்து, சட்டம் வரையறுத்த ஆண்டுகளுங் கழிந்தபின் ஓவியம் யாவர்க்கும் பொதுவாம். 'படம்பிடித்தவரும் உழைத்தாரன்றே? ஒளியமைத்தலும் நிறம் பிறழாது காத்தலும் எளியவோ?' எனின், எளியவல்ல, யாமும் உடன்படுதும். அவ்வுழைப்பிற்குக் கூலி கொடுத்தல் முறையே. ஆயின் கூலி வேறு, உரிமை வேறு. தாளிற் பதிந்த படிக்குப் படம்பிடித்தவர் நிமித்தகாரணமெனினும், அதன்கண் தோன்றும் வடிவிற்குப் பண்டை ஓவியனே நிமித்தகாரணம். அவர் தங் கருத்தொன்றனை அதன்கட் சேர்ப்பாராயின் அது பிழைபட்ட படியாம். சேர்க்காமையே அவர்தந் திறமை; அத்திறமையைக் காட்டியே 'யாம் ஆக்கினேம்' என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

1999-இல் நியூயார்க்கு நீதிமன்றம் பிரிட்ஜ்மன் வழக்கில் அத்தகைய படிக்கு உரிமையின்றென்றது. ஜெர்மனியின் உயர்நிலை நீதிமன்றமோ 2018-இல், மன்ஹைம் நகர் அரும்பொருட்காட்சிசாலை வழக்கில், படத்திற்குத் தனிப்பாதுகாப்புண்டென்றது. அச்சாலையிற் காண்போர் தாமே படம்பிடித்தலும் விலக்கப்பட்டிருந்தது. வாயிலிலுந் தடை, படியிலுந் தடையெனின் பொதுப்பொருள் யாண்டுப் பொதுவாம்? 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கட்டளையின் 14-ஆம் பிரிவால், பொதுவாகிய ஓவியத்தின் படிக்கு, அது படியெடுத்தார்தம் அறிவின் புத்தாக்கமாயினன்றி, உரிமையின்றென விதித்தது. 2021-இல் ஜெர்மனியும் அதனைத் தன் சட்டத்துட் சேர்த்தது.

சிற்பத்தின் படமோ வேறு. எத்திசைநின்று நோக்குவது, நிழல் எங்கு வீழ்வது எனத் தெரிவார் படம்பிடிப்பவரே. அத்தெரிவின்கண் அவர்க்குப் பங்குண்மையை யாம் மறுக்கிலேம்.