அவளுக்குப் பிடிக்கவில்லை

கூட வருகிறவள் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நம் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘அனுசரிச்சுப் போவாளா?’ என்று விசாரிப்பதும், விடுதி அறைக்குப் புதிதாக வந்தவளைப் பற்றி ‘ஆள் எப்படி, பழகுற மாதிரியா?’ என்று கேட்பதும் அந்தக் கேள்வியைத்தான். இங்கே அதை ஒரு கணினி விளையாட்டை வைத்துக் கேட்டுப்பார்க்கிறேன். விளையாட்டில் நம் விருப்பத்துக்குத் தடை சொல்ல யாரும் இல்லை. அதனால் வீட்டில் மூடிவைத்துப் பேசும் ஆசைகளை அங்கே திறந்தே பேசிவிடுகிறோம்.

விளையாடிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சிறு விளக்கம். பாத்திரமேற்று விளையாடும் கேம்களில் நாம் ஒரு நாயகனாகவோ நாயகியாகவோ பயணம் போகிறோம். வழியில் சிலர் நம்மோடு சேர்ந்துகொள்வார்கள். சண்டையில் உதவுவார்கள், இரவில் கூடாரத்தில் பேசுவார்கள். இவர்களைத் துணைக் கதாபாத்திரங்கள் எனலாம். இப்படிப்பட்ட பல கேம்களில் நாம் செய்யும் காரியம் துணைக்குப் பிடித்ததா இல்லையா என்பதைத் திரையின் ஓரத்தில் ஒரு வரி தெரிவிக்கும். அந்தப் பிடித்தலும் பிடிக்காமையும் உள்ளே எண்ணாகச் சேர்ந்துகொண்டே போகும்.

பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ அப்படியொரு விளையாட்டு. அதில் லேசெல் என்றொரு துணை வருகிறாள். கித்யாங்கி என்னும் போர்க்குடியில் பிறந்தவள். விலாகித் என்ற அரசியைத் தெய்வமாக நம்பி வளர்ந்தவள். அவளுடைய பேச்சில் ‘தயவுசெய்து’ கிடையாது. நம் மூளைக்குள் ஒரு புழு இருக்கிறது, அது நம்மை அரக்கராக மாற்றிவிடும், உடனே என் மக்களிடம் போய்க் குணமாக வேண்டும் என்று அவசரப்படுத்துகிறாள். வழியில் யாருக்காவது உதவ நின்றால் முகம் சுளிக்கிறாள். நாம் அவளை மறுபடி சந்திக்கும்போது அவள் ஒரு கூண்டில் அடைபட்டிருப்பாள். அவளை இறக்கிவிடலாம், அப்படியே விட்டுவிட்டும் போகலாம். விளையாட்டு இரண்டையும் அனுமதிக்கிறது.

விளையாடுபவர்கள் அவள் விஷயத்தில் பிளந்து நிற்கிறார்கள். திமிர் பிடித்தவள், கூடவே வைத்திருக்க முடியாது என்பார்கள் சிலர். முதலில் வெறுத்து, கதை முடியும்போது அவளைப்போல் ஒருத்தி இல்லை என்பார்கள் வேறு சிலர். கூண்டிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு.

தென்னேரியில் என் அக்கா வீட்டிலும் இதே பிளவு இருந்தது. அக்கா மகன் அவளை ஒரு நாளும் குழுவிலிருந்து நீக்கியதில்லை. காரணம் கேட்டால், ‘சித்தி, அவ அடிக்கிற அடி அப்படி. பேச்சை யார் கேக்குறா?’ என்றான். அவன் தங்கை அவளைக் கூடாரத்தில் உட்கார வைத்துவிட்டு வேறு ஆட்களோடுதான் போவாள். அவள் சொன்ன காரணம் எனக்கு அதிகம் யோசனை தந்தது: ‘நான் எது செஞ்சாலும் அவளுக்குப் பிடிக்கலன்னு வருது சித்தி. வீட்ல அதைத்தானே நாள் முழுக்கக் கேக்குறேன், விளையாட்டுலயும் கேக்கணுமா?’

அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார்: பயனுக்காக, இன்பத்துக்காக, அந்த மனிதருக்காகவே. அண்ணன் லேசெலை வைத்திருப்பது பயனுக்காக. தங்கை அவளை விலக்குவது இன்பம் கிடைக்காததால். மூன்றாவது வகையில் யாரும் அவளை அணுகவில்லை. அந்த அரிஸ்டாட்டிலே கணவன் மனைவி நட்பை மேலோர் கீழோர் நட்பு என்ற வரிசையில்தான் வைத்தார். ஆக, கூட வருகிறவளை அவளுக்காகவே ஏற்பது என்ற இடம் அந்தப் பழைய அட்டவணையிலும் பெண்ணுக்கு எளிதில் கிடைக்கவில்லை.

‘பெண் கதாபாத்திரத்தைப் பிடிக்கவில்லை என்றால் அது பெண் வெறுப்பு’ என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. லேசெல் செய்வதெல்லாம் நல்ல காரியமும் அல்ல. ஊரிழந்து வந்த அகதி ஒருவனிடமிருந்து ஒரு தகவலைப் பெற அவனை மண்டியிட வைக்கிறாள். வலியவர் எளியவரை மிதிக்கலாம் என்று வளர்க்கப்பட்ட மனம் அது. அதைக் கண்டு ஒருத்திக்குக் கோபம் வந்தால் அந்தக் கோபம் நியாயமானது. என் அக்கா மகளின் களைப்பும் நியாயமானது. பிறர் முகம் பார்த்து நடந்தே வளர்ந்த பெண்ணுக்கு இன்னொரு சுளித்த முகம் எதற்கு?

நியாயம் எங்கே பிசகுகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே காரியத்தை ஓர் ஆண் துணை செய்தால் என்ன தீர்ப்பு வருகிறது? இதே விளையாட்டில் அஸ்டேரியன் இருக்கிறான். முதல் சந்திப்பிலேயே நம் கழுத்தில் கத்தி வைக்கிறான். தூங்கும்போது இரத்தம் குடிக்க வருகிறான். பிறருக்கு உதவினால் அவனும் சலித்துக்கொள்கிறான், கொடுமையை ரசிக்கவும் செய்கிறான். ஆனால் விளையாட்டுலகம் அவனைக் கொண்டாடியது. அவனுக்குக் குரலும் உடலும் தந்த நீல் நியூபனுக்கு 2023 டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது. தகுதியான நடிப்பு, அதில் சந்தேகமில்லை. அஸ்டேரியன் இருநூறு ஆண்டுகள் ஒருவனிடம் அடிமையாகக் கிடந்தவன், அவன் குரூரத்துக்குப் பின்னால் காயம் இருக்கிறது என்று ரசிகர்கள் சொல்வதும் சரி.

ஆனால் லேசெலுக்குப் பின்னாலும் காயம் இருக்கிறது. குழந்தையிலிருந்தே கொல்லப் பழக்கப்பட்டவள் அவள். எந்த அரசிக்காக உயிர் தரத் தயாராக இருந்தாளோ அவளே தன்னை ஏமாற்றியவள் என்று கதையின் நடுவில் தெரிந்துகொள்கிறாள். நம்பிக்கை உடைந்தும் நிற்கிறாள். அவன் காயத்தைச் சிரிப்போடும் கொஞ்சலோடும் சொல்கிறான். அவளுக்குக் கட்டளையின் மொழி மட்டுமே தெரியும். கேட்பதற்கு இனிமையாகச் சொல்லப்படும் வலிக்கு நம்மிடம் இரக்கம் உடனே கிடைக்கிறது. கரடுமுரடாகச் சொல்லப்படும் வலி, அதிலும் பெண் சொல்லும்போது, குணக்கேடாகத் தெரிகிறது. நீதிமன்றத்தில், காவல் நிலையத்தில், உறவினர் கூடிய பஞ்சாயத்தில் பெண்கள் நாள்தோறும் சந்திப்பது இதைத்தான். அழுதால் நம்புவார்கள். சத்தம் போட்டால், ‘இவ வாய்க்குத்தான் அவன் அடிச்சிருப்பான்’ என்பார்கள்.

எதற்கும் மறுப்புச் சொல்லாத துணையாக இருந்தால் மதிப்பு கிடைக்குமா? 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் லிடியா என்ற வீராங்கனை வருகிறாள். நாயகன் டிராகனைக் கொன்றதற்குச் சிற்றரசன் தரும் கௌரவத்தோடு அவளும் வந்து சேர்கிறாள். பரிசுப் பொருளோடு பரிசாக ஒரு பெண். தூக்கச் சொன்ன மூட்டையைத் தூக்குவாள், சாகும்வரை காப்பாள். உங்கள் சுமையைச் சுமப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறேன் என்ற பொருளில் அவள் சொல்லும் ஒரு வாக்கியத்தில் மட்டும் சலிப்பின் சாயல் இருக்கும். உலகம் முழுக்க அந்தச் சலிப்பு நகைச்சுவையாயிற்று. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்ற புகாரும் அவள் மேல் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் குந்தவையின் தோழியாக வரும் வானதியையும் வாசகர்கள் இப்படித்தான் கேலி செய்வார்கள்: எடுத்ததற்கெல்லாம் மயங்கி விழுகிறாளாம். பணிந்தால் சுவையில்லை. பணியாவிட்டால் சகிக்க முடியவில்லை.

காஞ்சிப் பட்டு நெய்யும் வட்டாரத்துப் பெண்களுக்கு இது புதிதல்ல. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரண்டையும் பிணைத்து நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும், தறியில் ஒருவர் போதாது. நெய்பவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். நான் அறிந்த வீடுகளில் பெரும்பாலும் மனைவியோ மகளோ அங்கே உட்கார்வார்கள். தார் சுற்றுவதும் அவர்கள்தான். சேலை முடிந்ததும், ‘யார் நெய்தது?’ என்றால் ஒரு பெயர்தான் வரும். பக்கத்தில் இருந்தவள் ‘உதவிக்கு உட்கார்ந்தவள்’. அவள் ஒரு நாடாவைத் தவறவிட்டால் கரை கோணும், அப்போது மட்டும் அவள் பெயர் நினைவுக்கு வரும். துணையின் வேலை சரியாக நடக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. லிடியா வாசலை அடைக்கும்போதுதான் அவள் இருப்பது தெரிகிறது.

நம் மரபில் துணைக்கு வேறு இலக்கணமும் இருந்தது. சங்க அகப்பாடல்களின் தோழியை நினைத்துப் பாருங்கள். செவிலியின் மகள் அவள். தலைவியோடு எப்போதும் இருப்பவள். ஆனால் ஆமாம் போடுபவள் அல்ல. இரவில் வந்து வந்து போகும் தலைவனை, மணம் முடிக்கும் வழியைப் பார் என்று நெருக்குகிறாள். அதற்கு ‘வரைவு கடாதல்’ என்று துறை வகுத்திருக்கிறார்கள். பரத்தையிடம் போய்த் திரும்பும் கணவனுக்குக் கதவைத் திறக்க மறுக்கிறாள், அது ‘வாயில் மறுத்தல்’. மகளின் காதலை வீட்டாருக்கு உடைத்துச் சொல்வதும் அவள்தான், ‘அறத்தொடு நிற்றல்’ என்பது அதன் பெயர். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்வது அங்கே அவளுடைய பணியாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. வள்ளுவரும் நட்பைப் பேசும்போது கூடிச் சிரிப்பதைவிட, தவறும்போது இடித்துச் சொல்வதைத்தான் அதன் வேலையாக வைத்தார்.

ஆனால் தோழியிடமும் ஒன்று இல்லை. அவளுக்கென்று ஒரு காதல், ஒரு வழி, ஓர் ஊர் இல்லை. அகப்பாடல்களில் யாருக்குமே இயற்பெயர் சுட்டப்படுவதில்லை, அது மரபு. தலைவிக்கு அந்தப் பெயரின்மைக்குள்ளும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. தோழிக்கு இருப்பது தலைவியின் வாழ்க்கை மட்டும். அவள் கடிந்து பேசலாம், ஆனால் பிறருக்காகத்தான். தனக்காகக் கோபப்பட அவளுக்குத் துறை வகுக்கப்படவில்லை.

லேசெல் எரிச்சல் தருவது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. அவள் நம் நன்மைக்காகக் கடிந்து பேசவில்லை. அவளுக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, நாம் அவள் வழியில் குறுக்கிடுகிறோம். கதையின் நடுவில் நிற்பது நாம்தான் என்று நம்பி விளையாட்டைத் தொடங்கியவருக்கு, இவள் கதையில் நாமும் ஒரு துணைதான் என்று உணர்வது சுலபமில்லை.

‘எல்லாம் யாரோ எழுதிய வசனம்தானே, அவளைக் கூண்டில் விட்டால் யாருக்கு நஷ்டம்?’ என்று கேட்கலாம். லேசெலுக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் விளையாட்டு நம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுச்செல்கிறது. ஒருத்தியின் மனத்தை எண்ணாகப் பார்ப்பது அந்தப் பழக்கம். 2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ விளையாட்டில் துணைகளுக்குப் பரிசு கொடுத்தால் அவர்களுடைய பிரியம் எண்ணில் ஏறும். மாரிகன் என்ற சூனியக்காரிக்கு நகை பிடிக்கும். அவள் வெறுக்கும் காரியத்தைச் செய்துவிட்டு ஒரு நகையைக் கொடுத்துச் சரிக்கட்டலாம். நம் வீடுகளில் சண்டைக்கு மறுநாள் வரும் மல்லிகைப் பூவுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்?

இதற்கு மாற்று இருக்கிறது, அதே தொடரிலேயே இருக்கிறது. 2011இல் வந்த ‘டிராகன் ஏஜ் 2’ அளவுகோலை மாற்றியது. ஒரு முனையில் நட்பு, மறுமுனையில் போட்டி. ஒரு துணையின் கருத்தை நாம் விடாமல் எதிர்த்து வந்தால் அவர் நம்மை எதிராளியாக மதிக்கத் தொடங்குவார், ஒத்துப்போகாமலே கூட நிற்பார். அதில் ஏவலின் என்ற துணை நகரக் காவல் படையின் தலைவியாகிறாள். தன் வேலை, தன் கண்டிப்பு, தன் காதல் எல்லாம் அவளுக்கு உண்டு. அவள் காதலிப்பது நம்மை அல்ல, தன் படையில் இருக்கும் ஒருவனை. அதைச் சொல்லத் தெரியாமல் தவிக்கும் அவளுக்காக நாம் தூது போக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு பகுதியில் நாயகர் தோழியாகிறார்.

துணையைப் பற்றிய கேள்வியை அங்கிருந்து திருப்பிக் கேட்கலாம். கூட வருகிறவள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும்போதே அவள் நமக்காக வருகிறாள் என்று வைத்துக்கொண்டுவிடுகிறோம். அவளுக்குப் பிடிக்காததைச் சொல்ல இடமிருக்கிறதா? சொன்ன பிறகும் அவள் கூட இருக்க முடிகிறதா? வேண்டாமென்றால் விட்டுப்போக அவளுக்கு வழி இருக்கிறதா? இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் மட்டுமே ‘கூட வருகிறாள்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. விட்டுப்போக முடியாதவள் கூட வருவதில்லை, கூட்டிச் செல்லப்படுகிறாள்.

லேசெலை எல்லோரும் விரும்ப வேண்டும் என்று நான் வாதிடவில்லை. என் அக்கா மகள் அவளைக் கூடாரத்திலேயே விட்டுவைக்கட்டும். ஒருத்தியோடு பயணம் போக மறுப்பது அவளுடைய உரிமை, லேசெலே அந்த உரிமையை விட்டுக்கொடுக்கமாட்டாள். நான் கேட்பது சிறியது. ஒருத்தியைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் முன், அவள் செய்த எது பிடிக்கவில்லை என்று பெயர் சொல்லிப் பார்க்கலாம். அகதியை மண்டியிட வைத்தது என்றால் அது தீர்ப்பு. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் அது நம் ஏமாற்றம் மட்டுமே. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கத்தால்தான் இத்தனை காலமாக எத்தனையோ பெண்கள் குற்றம் எதுவும் செய்யாமலே குற்றவாளிகளாக இருந்துவருகிறார்கள்.