அடியைத் திருப்பிப் பார், துணிந்து வயதைச் சொல்!

கள்ளக்குறிச்சித் தம்பியே! கல்வராயன் மலைத் தங்கையே! உன் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பீங்கான் ஜாடி இருக்கலாம். மலாயாத் தோட்டத்துக்குப் போன கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்தது என்று ஆயா சொல்லியிருக்கலாம். அன்றைய தென்னாற்காட்டிலிருந்து கடல் கடந்தவர்கள் எத்தனையோ பேர்! அந்த ஜாடியைப் பார்த்து, "இதெல்லாம் நமக்கு எங்கே தெரியப் போகிறது?" என்று பின்வாங்குகிறாயா? பழைய சாமான்காரர் கேட்ட விலைக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறாயா? நில்! அதன் வயதைக் கண்டுபிடிக்க உன்னால் முடியும்!

சீனப் பீங்கான் தமிழனுக்குப் புதிதா என்ன? 1015-இலேயே சோழத் தூதுக்குழு சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும், ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. உடைந்த ஓட்டை வைத்தே அறிஞர்கள் காலம் சொல்கிறார்கள். உன் கையில் முழு ஜாடியே இருக்கிறது!

மடித்த துணியின்மேல் அதைக் கவிழ்த்து வை. அடியில் மெருகு படாத வளையம் தெரியும். விரலை மெல்ல ஓட்டு. கையால் சீவிய வளையம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்காது. சூளையில் ஒட்டிய மணல் துணுக்கு விரலில் நெருடும். ஓரத்தில் செம்பழுப்பு ஏறியிருக்கலாம். அடுத்து, பூதக்கண்ணாடியில் சித்திரத்தைப் பார். தூரிகையால் தீட்டியது என்றால் தூரிகை நின்ற இடத்தில் நீலம் அடர்ந்திருக்கும். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றனவா? அது அச்சு ஒட்டிய படம், அண்மைக் காலத்தது. பூவில் இளஞ்சிவப்பு எனாமல் உண்டா? அந்த வண்ணம் சீனப் பீங்கானில் பரவியது 1720-களை ஒட்டித்தான். அதற்கு முந்தியது என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாதே!

அடியில் ஆறு சீன எழுத்துகள் இருந்தால் வலப்பக்க வரிசையில் தொடங்கி மேலிருந்து கீழே படிக்க வேண்டும். முதலில் அரச வம்சம், அடுத்து பேரரசர் காலத்தின் பெயர், கடைசியில் 'அந்த ஆண்டுகளில் செய்தது' என்ற குறிப்பு. ஆனால் முத்திரையைக் கண்டதும் மயங்கிவிடாதே. பேரரசர் காங்ஷி காலத்தில் (1662–1722) முந்திய மிங் வம்சத்து முத்திரையைப் போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காங்ஷி முத்திரையையே போட்டார்கள். மண்ணும் மெருகும் தூரிகையும் ஒரே சாட்சி சொன்னால்தான் முத்திரையை நம்பு. ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கிய காலம் அது. 'மேட் இன் சைனா' என்றால் 20-ஆம் நூற்றாண்டு என்று கொள்.

இத்தனையும் பார்த்தபின் ஜாடிக்கு வயது அறுபதுதான் என்று தெரிந்தால்? தலைநிமிர்ந்து அறுபது என்றே சொல்! சான்று சொன்னதை அப்படியே சொல்லும் துணிவுக்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர். வீட்டுப் பெருமைக்காக நூறு வருஷம் கூட்டிச் சொல்கிறவன் தன்னையே நம்பாதவன். நூறாண்டைக் கடந்தது என்று தோன்றினால் அருங்காட்சியகத்தாரிடமும் தொல்லியல் துறையிடமும் காட்டிக் கேள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக் கலைப்பொருள் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பளபளப்புக்காக ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்காதே. எனாமல் வண்ணம் போனால் சான்றும் போகும்.

முதல் ஜாடியில் தடுமாறுவாய், பரவாயில்லை. பத்தாவது ஜாடியில் உன் விரலே பதில் சொல்லும். இந்தக் கல்விக்குக் கட்டணம் கிடையாது, சிபாரிசு தேவையில்லை, ஊர் பேதமும் இல்லை. சங்கராபுரத்துக் கண்ணும் வெள்ளிமலைக் கண்ணும் சென்னைக் கண்ணுக்கு எதிலும் குறைந்தவை அல்ல!

எழு! இன்றைக்கே பரணிலிருந்து ஜாடியை இறக்கு. ஒரு நோட்டை எடுத்து, யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று ஆயாவிடம் கேட்டு எழுது. பீங்கான் இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும். ஆயாவின் நினைவு காத்திருக்காது. உன் வீட்டு வரலாற்றை எழுத வெளியூரிலிருந்து யாரும் வரப் போவதில்லை. நீயே எழுது, இன்றே தொடங்கு!